அசல் நிச்சயம், அதிர்ஷ்டம் லட்சியம்!

ராஜராஜ சோழனிடம் யாராவது போய் பிரைஸ் பாண்ட் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "மன்னா, நூறு காசு போடுங்கள். வட்டி மட்டும் கேட்கக்கூடாது. அதற்குப் பதில் மாதா மாதம் குலுக்கல். விழுந்தால் லட்சம் காசு, விழாவிட்டாலும் உங்கள் நூறு காசு பத்திரம்!" மன்னர் வாளை உருவியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு சிரமம் எதற்கு? கையைப் பிடித்து அழைத்துப் போய் பெரிய கோவில் சுவரைக் காட்டியிருப்பார். வட்டி விகிதம் அங்கே கருங்கல்லில் வெட்டியிருக்கிறது.

நாம் பெரிய கோவிலுக்குப் போனால் என்ன செய்வோம்? விமானத்தை அண்ணாந்து பார்ப்போம். நிழல் தரையில் விழுமா, விழாதா என்று பட்டிமன்றம் நடத்துவோம். (விழும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.) கழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி அடிச்சுவரைப் படித்தால்தான் தெரியும், அது பாதி கோவில், பாதி பேங்க் பாஸ்புக்!

அருள்மொழிவர்மரான ராஜராஜனைக் குதிரைமேல் மட்டுமே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். கோவிலுக்கு வந்த பணத்தை அவருடைய நிர்வாகம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சுற்றுவட்டார ஊர்ச்சபைகளிடம் கடனாகக் கொடுத்தது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. எட்டில் ஒரு பங்கு என்றால், கால்குலேட்டர் தேடாதீர்கள், பன்னிரண்டரை சதவீதம். சில ஊர்கள் காசுக்கு மூன்று குறுணி நெல்லாகவே அளந்துவிட்டன. டெல்டா அல்லவா, கரன்சியே நெல்தான்!

அந்த வட்டியில் சுவாமி குளிக்கும் தண்ணீருக்கு ஏலரிசி வாங்கினார்கள், சண்பக மொட்டு வாங்கினார்கள், வெட்டிவேர் வாங்கினார்கள். அக்கா குந்தவையும் இதே பாணியில் முதல் போட்டு, வட்டியில் திருவிழா நடத்தினார். அசலை எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்கிறீர்களா? கேட்கவே மாட்டார்கள். சூரியன் சந்திரன் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது இரண்டே கோடையில் மங்கிவிடுகிறது. ராஜராஜனுடைய ரசீது ஆயிரம் வருடமாக வெயில் காய்கிறது!

இதனால் சோழர்களுக்குக் குலுக்கலே தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குலுக்கலில் அவர்கள் கில்லாடிகள். ராஜராஜன் பெரிய கோவிலைக் கட்டி முடிப்பதற்குத் தொண்ணூறு வருடம் முன்னால், 919-லும் 921-லும், முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர்க் கோவில் சுவரில் அதற்கான ரூல் புத்தகமே ஏறிவிட்டது. அதுதான் குடவோலை.

காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஊர் கூடியிருக்கிறது. வயதில் மூத்த கோவில் நம்பி ஒருவர் எழுந்து காலிக் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார், உள்ளே ஒளித்துவைத்த ஓலை ஏதும் இல்லை என்று. பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டுக் குலுக்குகிறார்கள். விவரம் தெரியாத ஒரு பொடியனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவன் நீட்டும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலை வைத்து மாற்றிவிடக்கூடாதே! சிசிடிவி கேமரா இல்லாத குறையை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

அந்தக் குடத்தில் விழுந்த பரிசு பணம் இல்லை, வாரியப் பதவி. அதுவும் 360 நாளைக்கு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தின் பக்கமே வரக்கூடாது. அவன் பெரியம்மா பிள்ளை, மாமா, மருமகன் வரை சொந்தபந்தத்துக்கும் தடை. இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் குலுக்குவதற்குக் குடம் இருக்கும், ஓலை இருக்காது!

ஆக, சோழ நாட்டின் பாலிசி ரொம்ப எளிது. பதவிக்குக் குலுக்கல், பணத்துக்கு வட்டி. பிற்பாடு வந்த நாகரிக உலகம் இதை அப்படியே தலைகீழாக்கியது. பதவிக்குப் பணம், பணத்துக்குக் குலுக்கல்!

இந்தத் தலைகீழ் வித்தையை அரசாங்க அளவில் அரங்கேற்றியவர்களில் முக்கியமானவர் தாமஸ் நீல் என்ற ஆங்கிலேயர். லண்டன் நாணயச்சாலையின் தலைவர். அரண்மனையில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. சீட்டு, தாயம் ஆடுகிற இடத்தில் மேற்பார்வை! நாட்டின் நாணயத்தையும் சூதாட்டத்தையும் ஒரே ஆள் கவனித்துக்கொண்டால் என்ன பிறக்குமோ, அது 1694-ல் பிறந்தது. பிரான்சோடு சண்டை போட அரசுக்குப் பத்து லட்சம் பவுண்டு தேவை. நீல் பத்துப் பவுண்டு சீட்டு ஒரு லட்சம் அச்சடித்தார். குலுக்கலில் விழாத சீட்டுக்கும் வருஷம் ஒரு பவுண்டு வீதம் பதினாறு வருஷம் வரும் என்றார். அதாவது தோற்றாலும் ஜெயித்தாலும் லாபம்!

சீட்டு விற்றது. பணம் வந்தது. சண்டைக்கும் போனது. வட்டிதான் வரவில்லை, 1697-லேயே பாக்கி விழ ஆரம்பித்துவிட்டது. நீல் 1699-ல் காலமானார். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஐசக் நியூட்டன். கிரகங்களையே கணக்கில் அடக்கிய இந்தப் பெரிய மூளை 1720-ல் சவுத் சீ கம்பெனி ஷேரில் பெருந்தொகையை விட்டது. ஆப்பிள் கீழே விழும் என்று கண்டுபிடித்தவருக்கு ஷேரும் விழும் என்று தோன்றவில்லை!

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது இந்த வியாதியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கல்கத்தாவில் 1817-ல் லாட்டரி கமிட்டி என்றே ஒன்று வைத்து, சீட்டுக் காசில் ரோடு போட்டார்கள், குளம் வெட்டினார்கள். 1870-ல் திடீரென்று ஞானோதயம். தனியார் லாட்டரி ஆபீஸ் நடத்துவது குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவு புகுந்தது. அரசு லாட்டரிக்கு மட்டும் விலக்கு. அதாவது நீங்கள் நடத்தினால் சூது, சர்க்கார் நடத்தினால் சேவை!

இனி கதாநாயகன் வருகிறார். 1956, ஏப்ரல் 17. பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் பட்ஜெட்டில் பிரீமியம் பாண்டை அறிவித்தார். ஒரு பவுண்டு பாண்ட். வட்டி கிடையாது, எல்லோருடைய வட்டியையும் ஒரு பானையில் கொட்டி மாதா மாதம் குலுக்கல். அசல் எப்போது கேட்டாலும் திரும்பி வரும். சூதாட்டத்தில் போட்ட பணம் போய்விடும், இதில் போகாது, ஆகவே இது சூதே அல்ல என்பது மேக்மில்லனின் வாதம். எதிர்க்கட்சியின் ஹெரால்ட் வில்சன், கேவலமான குலுக்கல் என்று சீறினார். கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும் முகம் சுளித்தார்.

மக்கள்? நவம்பர் 1-ம் தேதி முதல் பாண்டை லண்டன் மேயரே ஒரு பவுண்டு கொடுத்து வாங்கினார். அப்புறம் வில்சனாவது, ஆர்ச்பிஷப்பாவது! வில்சன் பிற்பாடு பிரதமராகி எட்டு வருடம் ஆண்டார். அந்தக் கேவலமான குலுக்கலை மட்டும் தொடவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது நாறுகிற பணம், ஆளுங்கட்சி வரிசைக்கு வந்ததும் மணக்கத் தொடங்கிவிடுகிறது. இது எந்த நாட்டுக் கதை என்று என்னைக் கேட்காதீர்கள்!

நம்பர் எடுக்க ஒரு மெஷின் வேண்டுமே? எர்னி என்று செல்லப் பெயர் வைத்து ஒன்றைச் செய்தார்கள். அதைச் செய்த டாலிஸ் ஹில் தபால் துறை ஆராய்ச்சி நிலையம்தான் போர்க்காலத்தில் ஹிட்லர் தரப்பின் ரகசியத் தந்திகளை உடைத்த கொலாஸஸ் இயந்திரத்தையும் கட்டியது. இரண்டிலும் டாமி ஃப்ளவர்ஸ் என்ற இன்ஜினீயரின் கை உண்டு. ஒரு காலத்தில் ஜெர்மன் தளபதிகளின் உத்தரவைப் படிக்க மெஷின் செய்த கூட்டம், எந்தப் பாட்டிக்குப் பரிசு என்று பார்க்க வந்துவிட்டது. எர்னிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையெல்லாம் வந்ததாம். மெஷினுக்கு! சிரிக்காதீர்கள், நாம் ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கே பொட்டு வைக்கிறவர்கள்.

1957 ஜூன் 1-ம் தேதி முதல் குலுக்கல். முதல் பரிசு ஆயிரம் பவுண்டு. உலகின் முதல் பெரிய எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டரைக் கட்டியதற்காக ஃப்ளவர்ஸுக்கு அரசாங்கம் கொடுத்த சன்மானம் எவ்வளவு? அதுவும் ஆயிரம் பவுண்டுதான். அவர் கைக்காசாகப் போட்டதே அதைவிட அதிகம். உழைத்தவருக்கும் ஆயிரம், சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் ஆயிரம். அதிர்ஷ்டம் என்றால் இதுதான்!

லண்டனில் தும்மினால் டெல்லியில் ஜலதோஷம் பிடிக்கிற காலம் அது. 1960-ல் இந்திய அரசும் வட்டியில்லா பிரைஸ் பாண்டை இறக்கியது. 5 ரூபாய், 100 ரூபாய் என்று இரண்டு சைஸ், ஐந்து வருட கெடு. அப்போது நிதியமைச்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? மொரார்ஜி தேசாய்! மதுவிலக்கு, உபவாசம், கட்டுப்பாடு என்று வாழ்ந்த மனிதர். அவருடைய அமைச்சகம் குலுக்கல் நடத்தியது, நம் ஊர் சைவ மெஸ்ஸில் திடீரென்று சிக்கன் 65 போட்ட மாதிரி. அடுத்து 1963-ல் பிரீமியம் பிரைஸ் பாண்ட் என்று இரண்டாம் அவதாரமும் எடுத்தார்கள். 1960-ல் நூறு ரூபாய் போட்டு, பரிசு விழாமல், 1965-ல் அதே நூறை வாங்கிய ஆசாமியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அசல் அப்படியே பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்த அசலுக்குக் கிடைக்கும் அரிசிதான் இளைத்துப் போயிருந்தது!

அரிசி என்றதும் அண்ணா ஞாபகம் வருகிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. முழங்கியது. நெல் விளைந்தது தஞ்சாவூரில், திட்டம் தொடங்கியது சென்னையிலும் கோவையிலும் என்பது தனிக் கதை. ஆனால் பிரைஸ் பாண்டுக்கு அதைவிட நேர்மையான விளம்பரத்தை எந்த ஏஜென்சியும் எழுத முடியாது. பரிசு லட்சியம், அசல் நிச்சயம். லட்சியம் எது, நிச்சயம் எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். அதனால்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை!

கேரளம் 1967-ல் லாட்டரித் துறையைத் தொடங்க, அடுத்த வருடமே நாமும் கோதாவில் குதித்தோம். 1968-ல் பரிசுச் சீட்டு. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார் அண்ணா. என்ன ஒரு வசனம்! தோற்றவனைக்கூட தேசபக்தனாக்கிவிட்டார். ஆனால் பாண்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு காவேரியே ஓடுகிறது. பாண்டில் நீங்கள் பணயம் வைப்பது வட்டியை. சீட்டில் அசலையே. பாண்டில் நாட்டுக்குப் போனது உங்கள் பணத்தின் வாடகை, சீட்டில் நாட்டுக்குப் போனது வீடே!

அப்புறம் நடந்தது ஒரு நாற்காலி விளையாட்டு. திருக்குவளைக்காரரான கருணாநிதி 1975-ல் பரிசுச் சீட்டை நிறுத்தினார். வேறு ஆட்சியில் அது மறுபடி முளைத்தது. 2003-ல் ஜெயலலிதா லாட்டரியை ஒரேயடியாகத் தடை செய்தார். நம் ஆள் அசரவில்லை. பாலக்காடு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான்.

இதற்கு நடுவில் தனியார் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மேக்மில்லன் ஃபார்முலாவைத் திருட்டுத்தனமாகக் காப்பியடித்துப் பிரைஸ் சிட் என்று ஒன்றைக் கிளப்பினார்கள். நம் பக்கத்தில் குலுக்கல் சீட்டு. ஆயிரம் பேர் மாதம் நூறு ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் குலுக்கலில் ஒருவருக்கு முழுத்தொகை. அதோடு அவர் கழன்றுகொள்ளலாம், மிச்சத் தவணை கட்ட வேண்டாம். பாக்கிப் பேருக்குக் கடைசியில் கட்டின பணம் திரும்பும், வட்டி கிடையாது. முதல் மாதத்திலேயே லட்ச ரூபாய் வசூல், ஒருவருக்குப் போனது போக மீதி யார் கையில்? குலுக்கினவர் கையில். ஏலச்சீட்டில் தள்ளுபடிப் பணத்தை எல்லோரும் கழிவாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதில் பங்கு போட ஒரே ஆள்தான்!

ரிசர்வ் வங்கி ஜேம்ஸ் ராஜ் என்பவர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டு ஆராய்ந்தது. தடை செய்யுங்கள் என்றது குழு. 1978-ல் சட்டமே வந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். அவர் இங்கிலீஷைப் படிக்கப் பக்கத்தில் டிக்‌ஷனரி வேண்டும் என்று வக்கீல்களே புலம்புவார்கள். இந்தத் தீர்ப்பு மட்டும் சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு டிக்‌ஷனரி இல்லாமலே புரிந்துவிட்டது!

இப்போது வங்கிகளும் டெபாசிட்டுக்குக் குலுக்கல், ஃபாரின் டூர் என்றெல்லாம் ஆசை காட்டக்கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. கொடுத்தே தீருவேன் என்றால் 250 ரூபாய்க்கு மிகாத சின்னப் பரிசு. மேனேஜர் நீட்டுகிற காலண்டருக்கும் டைரிக்கும் மேல் அதிர்ஷ்டம் உங்களை நெருங்கிவிடாமல் இருக்க மத்திய வங்கியே காவல் நிற்கிறது.

பாகிஸ்தான்காரர்கள் இந்த பாண்டுக்கு இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். பெயர் எழுதாத பாண்ட் அல்லவா, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. பரிசு விழுந்த பாண்டைக் கறுப்புப் பணக்காரர் கூடுதல் விலைக்கு வாங்கிவிடுவார். பிறகு, குலுக்கலில் விழுந்தது சார் என்பார். கடைசியில் 2019-ல் 40,000 ரூபாய் பெயரில்லா பாண்டை நிறுத்த வேண்டியதாயிற்று. அதிர்ஷ்டலட்சுமியைப் பிடித்துத் துணி துவைக்க வைத்தால் பாவம், அவளும் எத்தனை நாள் பொறுப்பாள்?

சரி, கேள்விக்கு வருவோம். இதில் பணம் போடலாமா?

லண்டன் பாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு பாண்டுக்கு மாதம் ஒருமுறை, 22,000-ல் ஒரு வாய்ப்பு என்று கணக்கு வைப்போம். சமீப வருடங்களில் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. நீங்கள் 1,000 பவுண்டு போட்டால் வருடம் முழுக்கப் பன்னிரண்டு குலுக்கலிலும் எதுவும் விழாமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 58 சதவீதம். உங்களைப் போல நூறு பேர் போட்டால் ஐம்பத்தெட்டு பேர் டிசம்பரில் உதட்டைப் பிதுக்குவார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு வருவது 25 பவுண்டு போன்ற சில்லறைப் பரிசு.

ஆனால் விளம்பரத்தில் பரிசுத் தொகை சராசரியாக இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அது பொய் இல்லை, சராசரி. உங்கள் தெருவுக்கு ஒரு கோடீஸ்வரர் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானம் எகிறும். உங்கள் சட்டைப் பையில் ஒரு பைசா ஏறாது. குலுக்கலில் அந்தக் கோடீஸ்வரர்தான் மாதா மாதம் இரண்டு பேருக்கு விழும் பத்து லட்சம் பவுண்டு!

ஒருவருக்கு மட்டும் இது கொஞ்சம் கட்டுப்படியாகும். உச்சவரம்பான 50,000 பவுண்டை முழுசாகப் போடக்கூடியவர், வட்டி வந்தால் பெரிய வரி கட்டவேண்டியவர். நிறையப் போட்டால் முடிவு சராசரியை ஒட்டி வரும், பரிசுக்கு அங்கே வரியும் இல்லை. ஆக, ஏழையின் ஆசைக்காகப் பிறந்த திட்டம் பணக்காரரின் வரிக்குத்தான் உதவுகிறது. இங்கேயோ லாட்டரிப் பரிசு என்றால் நேராக 30 சதவீதம் வரி. இந்த ஊரில் அதிர்ஷ்டத்துக்கும் பார்ட்னர் உண்டு.

நம் கணக்கில் சொன்னால், பத்தாயிரம் ரூபாய்க்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 700 ரூபாய் வட்டி. பிரைஸ் பாண்ட் என்பது அந்த 700 ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு வாங்குவது. கையில் பணமாகக் கொடுத்து 700 ரூபாய்க்குச் சீட்டு வாங்குவீர்களா என்று கேட்டால் அடிக்க வருவீர்கள். வட்டியாக, கண்ணில் காட்டாமல் பிடித்துக்கொண்டால் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். இருந்தாலும் ஒரு பாராட்டு அதற்கு உண்டு. சும்மா இருந்தால் பணத்தைக் கரைத்துவிடுகிற ஆளைக்கூட, குலுக்கல் ஆசை காட்டிச் சேமிக்க வைத்துவிடுகிறது. புத்தி சொல்லிக் கேட்காதவனுக்குப் பேராசையே வாத்தியார்.

அதிலும் டெல்டாக்காரருக்கு இது தேவையே இல்லாத வேலை. அவர் வாழ்க்கையே ஒரு பிரைஸ் பாண்ட். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, மட்டம் 120 அடியைத் தொடுமா என்று தினமும் ரிசல்ட் பார்க்கிறார். குறுவை அறுத்தால் அன்றைக்கென்று மழை. கொள்முதல் நிலையத்தில் மூட்டையில் கம்பியைக் குத்தி ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் முள் ஏறினால் இந்த மாதக் குலுக்கலில் அவர் பெயர் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்ததே, அங்கே அசலும் நிச்சயமில்லை. தொழிலில் இத்தனை குலுக்கலைப் பார்க்கிறவர், பணத்தையாவது குலுங்காத இடத்தில் வைக்க வேண்டாமா?

ஆகவே யாராவது குலுக்கல், பம்பர், லக்கி டிரா என்று வாசல் ஏறினால் கோபப்படாதீர்கள். மோர் கொடுத்து உட்கார வைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். என் அசலுக்கு யார் ஜவாப்தாரி? என் வட்டி எங்கே போகிறது? முதல் கேள்விக்கு இந்திய சர்க்கார் என்று எழுத்தில் பதில் வந்தால் ஒழிய, மோரோடு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராது, ஒரு சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்புக்கான செலவுதான் உங்கள் வட்டி.